லாயத்து வாசலில் இருந்து: கேள்வி – பதில்

பல்லேகல என்றாலே எங்களுக்குக் கிரிக்கெட்தான். அந்த ஊரில் குதிரைக்கு என்ன வேலை?
– வாசகர், மாத்தளை

2010 டிசம்பரில் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்து முதல் டெஸ்ட் ஆடியதிலிருந்து ஊர்ப் பெயர் உலகத்துக்கே தெரியும். அந்த மைதானத்தைத் தாண்டி மஹியங்கனை வீதியில் இன்னும் கொஞ்சம் போங்கள். திகன, அதையொட்டி ரஜவெல்ல. விக்டோரியா நீர்த்தேக்கத்துப் பக்கம் விக்டோரியா சேடல் கிளப் இருக்கிறது. கண்டி நகரத்தை ஊறவைக்கிற தென்மேல் பருவமழை தும்பறைப் பள்ளத்தாக்குக்கு வரும்போது வலு குறைந்துவிடும். நிலம் சீக்கிரம் காயும், குளம்பு அழுகும் தொல்லை குறையும். இதைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் பக்கத்திலேயே இருக்கின்றன. குதிரை வைத்திருப்பவர் முதலில் தேட வேண்டியது வைத்தியரை. சவாரித் திடலைப் பிறகு பார்க்கலாம்.

வயது நாற்பத்து மூன்று. வங்கியில் வேலை. மகளைக் குதிரை வகுப்புக்குக் கூட்டிப் போய், நானும் ஏற ஆரம்பித்துவிட்டேன். இப்போது போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிறார் பயிற்சியாளர். மகள் வயதுப் பிள்ளைகளோடு போய் நிற்க வெட்கமாக இருக்கிறது அக்கா.
– வாசகி, கட்டுகஸ்தோட்டை

பெயரைக் கொடுங்கள். ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் ஒரே பட்டியலில் நேருக்கு நேர் மோதுகிற விளையாட்டு இது. வயதும் இங்கே பெரிய தடையில்லை. ஜப்பானின் ஹிரோஷி ஹோகெட்சு 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் குதிரை தாண்டினார். பிறகு மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்து, ஓய்வும் பெற்று, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் டிரஸாஜ் (குதிரையின் நடைக்கும் கீழ்ப்படிவுக்கும் புள்ளி பெறும்) பிரிவில் வந்து நின்றபோது அவருக்கு வயது 71.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1952 வரை ஒலிம்பிக் குதிரையேற்றம் பெரும்பாலும் இராணுவ அதிகாரிகளின் சொத்து. அந்த வருடம் ஹெல்சின்கியில்தான் டிரஸாஜ் பெண்களுக்கும் சாதாரண மக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் அதில் வெள்ளி வென்றார். போலியோவால் அவருக்கு முழங்காலுக்குக் கீழே அசைவில்லை. குதிரையில் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும். கால்களால் சொல்ல முடியாததை முதுகாலும் இடுப்பாலும் சொல்லிக் குதிரைக்குப் புரிய வைத்தார். அடுத்த ஒலிம்பிக்கிலும் வெள்ளி.

உங்கள் மகளின் உடம்பு இலகுவாக வளையும், விழுந்தாலும் எழும்பும். உங்களிடம் வேறு பலம் இருக்கிறது. ஒரு குதிரை காதை மடக்கினால் ஏன் என்று நின்று யோசிக்கிற பொறுமை நாற்பதுக்குப் பிறகுதான் நன்றாக வரும். நடுவர் எழுதும் புள்ளிகளில் அதுவும் தெரியும்.

ஏன் எல்லாரும் குதிரையின் இடப்பக்கமாகவே ஏறுகிறார்கள்?
– மாணவர், அக்குறணை

இடது இடுப்பில் வாள் தொங்கிய காலத்துப் பழக்கம். வாள் போய்விட்டது, பழக்கம் நிற்கிறது. மேடைக் கட்டை போட்டு, இரு பக்கமும் மாறி மாறி ஏறப் பழகுங்கள். குதிரையின் முதுகுக்கும் நல்லது, சேணம் ஒரு பக்கம் சரிந்து கோணாமலும் இருக்கும்.

என் எடை 88 கிலோ. குதிரை என்னைத் தாங்குமா?
– வாசகர், குண்டசாலை

எந்தக் குதிரை என்பதைப் பொறுத்தது. ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்படும் அளவு. 480 கிலோ குதிரை என்றால் 96 கிலோ வரை. சேணம் ஏழெட்டுக் கிலோ வரும் என்று வையுங்கள். நீங்கள் சரியாக விளிம்பில் நிற்கிறீர்கள். 300 கிலோ போனியில் உங்களை ஏற்ற யாராவது முன்வந்தால், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். பெரிய, முதுகு பலமான குதிரையைக் கேட்டு வாங்கி ஏறுவது உங்கள் உரிமை. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் பசு இருக்கிறது. அதே தவிடு, அதே புல்லைக் குதிரைக்கும் போட்டால் என்ன?
– வாசகர், தெல்தெனிய

நல்ல மனதோடு கேட்கிறீர்கள், ஆனால் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. தவிட்டில் பொஸ்பரஸ் மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. இந்த விகிதம் மாறிக் கிடந்தால் குதிரையின் உடம்பு தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை உருவும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் முக எலும்பு மிருதுவாகி வீங்கும், கால் நொண்டும். பழைய நாளில் ஆலைக்காரர்களின் குதிரைகளுக்கு இது அதிகம் வந்ததாம், தவிடு சும்மா கிடைத்ததால்.

புல்லிலும் கவனம் வேண்டும். பாதையோரமெல்லாம் வளர்ந்து நிற்கிற கினிப் புல்லிலும், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கி நம் ஊர்ப் பால்பண்ணைகளெல்லாம் நட்டிருக்கும் கோ-3 புல்லிலும் ஒக்சலேட் உண்டு. அது கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பசுவின் முன்வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும்; குதிரைக்கு அந்த வயிறு இல்லை. ஆகவே ஒரே புல்லை மட்டும் போடாதீர்கள். பல வகை கலந்து போடுங்கள், கல்சியச் சத்தை வைத்தியர் சொல்லும் அளவில் சேருங்கள்.

அளவு கேட்பீர்கள். காய்ந்த நிலையில் கணக்கிட்டால், தினம் தன் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டரைப் பங்கு நார்த்தீனி. பச்சைப் புல் என்றால் அதில் பெரும்பகுதி தண்ணீர், கட்டு பல மடங்கு பெருகும். குடிக்க 25 முதல் 45 லீட்டர் தண்ணீர், வெயில் நாளில் இன்னும் கூட.

கித்துல் கருப்பட்டி கொடுக்கலாமா? சவாரித் திடல் வேலியோரம் என்ன மரம் நடலாம்?
– வாசகி, வத்தேகம

கருப்பட்டி சிறு துண்டு, விரித்த உள்ளங்கையில் வைத்து, உரிமையாளரைக் கேட்டுவிட்டு. வேலிக்கு வேம்போ மூங்கிலோ பார்க்கும் முன் எதை நடக் கூடாது என்று பாருங்கள். கண்டியில் வீட்டுக்கு வீடு நிற்கிற அவகாடோ மரத்தின் இலை குதிரைக்கு விஷம். கோயில் நந்தவனத்து அரளி அதைவிடக் கொடியது. சில இலைகளே கொல்லப் போதும். உண்ணிச்செடி ஈரலைக் கெடுக்கும். அரளி வேலிக்கு வெளியே இருந்தாலும் ஆபத்துதான், காற்றில் சருகு உள்ளே வரும். வெட்டிவிடுங்கள்.

இரவு பத்து மணி. குதிரை தரையில் உருண்டு உருண்டு எழுகிறது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. என்ன செய்வது?
– வாசகர், மடவளை

இதைப் படிக்கும்போது அந்த இரவு முடிந்திருக்கும். அடுத்த முறைக்குச் சொல்கிறேன். முதலில் தீனியை எடுத்துவிடுங்கள், வைத்தியரைக் கூப்பிடுங்கள். அவர் கேட்கப் போவதை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்: தாடைக்கு அடியில் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. அறுபதைத் தாண்டினால் அவசரம். ஈறு இளஞ்சிவப்பா, வெளிறியதா? விலாவில் காது வைத்தால் குடல் சத்தம் கேட்கிறதா? கடைசியாக எப்போது சாணம் போட்டது?

போத்தலில் எண்ணெயோ கசாயமோ வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடலாம். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. மெதுவாக நடத்தலாம், நடக்க மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். நாடி எண்ணும் பழக்கத்தைக் குதிரை சுகமாக இருக்கும் நாளிலேயே பழகிக்கொள்ளுங்கள். டோர்ச் வெளிச்சத்தில், பயந்த கையோடு முதல் தடவை தேடினால் கிடைக்காது.

மாணிக்கவாசகர் காலத்தில் நரி பரியானது. இப்போதும் குதிரைச் சந்தையில் அப்படி நடக்குமா?
– வாசகர், கண்டி

இரவில் நரியாக மாறி ஊளையிடாது. ஆனால் வலி மருந்து ஊசி போட்டு நொண்டலை மறைத்த குதிரை, இரண்டாம் நாள் தன் உண்மைக் காலைக் காட்டும். பாண்டிய மன்னரிடம் மிருக வைத்தியர் இல்லை, உங்களுக்கு இருக்கிறார். வாங்கும் முன் அவரைக் கொண்டு பாருங்கள், விற்பவர் சொல்லாத ஒரு நாளில் திடீரென்று போயும் பாருங்கள்.

நுவரெலியாப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரை மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள். வாங்கட்டுமா?
– வாசகர், கம்பளை

விலை மலிவு, பொறுப்பு பெரிது. பந்தயக் குதிரைக்குக் கடிவாள வாரை இறுக்கினால் வேகம் கூட்டு என்று அர்த்தம். நீங்கள் பயந்து இழுப்பீர்கள், அது பாயும். அதன் தப்பில்லை. அதற்கு நிற்கவும் வளையவும் மெதுவாக நடக்கவும் புதிதாகப் படிப்பிக்க மாதங்கள் ஆகும். பந்தய லாயத்தில் தானியம் அதிகமாகவும் புல் குறைவாகவும் தின்று வந்திருந்தால் இரைப்பைப் புண் இருக்க நிறைய வாய்ப்பு. குதிரையின் இரைப்பை இரவு பகலாக அமிலம் சுரக்கும், நாள் முழுக்கப் புல் இருந்தால்தான் அது அடங்கும்.

ஆரம்பக்காரர் என்றால் வாங்க வேண்டாம். சில வருடம் ஏறியவர், பக்கத்தில் நல்ல பயிற்சியாளர் உள்ளவர் என்றால் வாங்குங்கள், என் ஆசீர்வாதத்தோடு. நுவரெலியாத் தெருவில் குப்பையைக் கிளறி நிற்கிற குதிரைகளைப் பார்க்கும்போதெல்லாம் மனம் எரிகிறது. சீசன் முடிந்ததும் கைவிடப்பட்ட எந்தக் குதிரைக்கும் ஒரு நல்ல லாயம் கிடைத்தால் அது பெரிய காரியம்.

நம் ஊர் வெப்பத்துக்குக் குதிரை ஒத்துவராது என்று வாதிடுகிறார் என் மாமா. உண்மையா?
– வாசகி, மட்டக்களப்பு

உங்கள் மாமாவுக்கு முன்பே மார்க்கோ போலோ அப்படி எழுதியிருக்கிறார். 13ஆம் நூற்றாண்டில் அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் பாண்டிய நாட்டுக் காயல் துறைக்குக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்தன. வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் பாண்டிய நாட்டுக்கும் மற்ற இந்தியத் துறைகளுக்கும் சேர்த்து வருடத்துக்கு 10,000 என்றும், ஒன்றின் விலை 220 பொன் தினார் என்றும் கணக்குச் சொல்கிறார். வந்தவற்றில் பெரும்பாலானவை சீக்கிரமே செத்தன. காலநிலை என்று பழி போட்டார்கள்.

ஆனால் அவர்களே எழுதி வைத்த மற்றதையும் படியுங்கள். லாடம் கட்டத் தெரிந்தவர் நாட்டில் இல்லை. தீனியாகச் சோறும் இறைச்சியும் வேகவைத்துக் கொடுத்தார்கள் என்கிறார் மார்க்கோ போலோ. வறுத்த தானியத்தில் வெண்ணெய் பிசைந்து, குடிக்கக் காய்ச்சிய பசும்பால் கொடுத்தார்கள் என்கிறார் வஸ்ஸாஃப். நாற்பது நாள் கயிற்றில் கட்டிப் போட்டுக் கொழுக்க வைத்து, பிறகு எந்தப் பயிற்சியும் இல்லாமல் ஏறி வெறிபிடித்தது போல ஓட்டினார்களாம். பாலும் வெண்ணெயும் நம் வீட்டில் விருந்தாளிக்குக் கொடுக்கிற அன்பு. அந்த அன்புதான் குதிரையைக் கொன்றது.

இதை நான் விரித்துச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நம்மைப் போல வேலைக்குப் போகிறவர்கள் இதையே இன்றும் செய்கிறோம். திங்கள் முதல் வெள்ளி வரை குதிரை கட்டுத்தறியில் நிற்கிறது, நல்ல தானியம் தின்கிறது. சனிக்கிழமை நாம் உற்சாகமாக வந்து முக்கால் மணி நேரம் தாண்ட வைக்கிறோம். உங்கள் கிழமையில் நேரம் இல்லையென்றால் குதிரையை இன்னொருவரோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள்: செலவும் பாதி, அதன் தனிமையும் பாதி. வேலை இல்லாத நாளில் தானியத்தைக் குறையுங்கள், புல்லைக் குறைக்காதீர்கள். தினமும் வெளியே அவிழ்த்துவிடுங்கள்.

வெப்பத்துக்கும் வருகிறேன். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன் நடந்த ஆய்வுகள், சூடேறிய குதிரையின் மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவது கெடுதி என்ற பழைய நம்பிக்கையைத் தள்ளிவிட்டன. உடம்பு முழுக்க ஊற்றுங்கள், திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். மாமாவிடம் சொல்லுங்கள், பல்லேகல வெயில் தாங்கக்கூடியதுதான். தண்ணீர் வாளி பக்கத்தில் இருக்க வேண்டும்.

புத்தாண்டு வெடிக்கு என் குதிரை நடுங்குகிறது.
– வாசகர், திகன

தீபாவளி வெடி எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. சித்திரைப் புத்தாண்டுக்கு நம் நாட்டில் சுபநேரம் நிமிடத்தோடு குறிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு ஒரு மணி நேரம் முன்பே லாயத்துக்குள் கட்டுங்கள், புல்லை நிரப்புங்கள், வானொலியைச் சத்தமாக வையுங்கள், பழகிய ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். அன்று சவாரி வேண்டாம். அயல் வீட்டுக்காரருக்குப் பலகாரத் தட்டோடு ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்புங்கள்: வெடியைக் கொஞ்சம் தள்ளிக் கொளுத்த முடியுமா என்று.

ஷோ ஜம்பிங்கில் எனக்கு முதல் போட்டி. 70 சென்ரிமீற்றர். வேலிகளுக்கு நடுவே எல்லாரும் நடந்து எதையோ எண்ணுகிறார்களே, அது என்ன?
– வாசகி, பேராதனை

தூரத்தை எண்ணுகிறார்கள். குதிரையின் ஒரு கன்டர் (மிதமான ஓட்டம்) பாய்ச்சல் ஏறத்தாழ மூன்றரை மீற்றர். உங்கள் அடியை ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைவாக, எப்போதும் ஒரே அளவாகப் பழக்கினால் நான்கு அடி ஒரு பாய்ச்சல். வேலியிலிருந்து இறங்க இரண்டடி, அடுத்ததற்கு எழும்ப இரண்டடி. ஆகவே இரண்டு வேலிக்கு நடுவே பன்னிரண்டு அடி வந்தால் குதிரை இரண்டு பாய்ச்சல் வைக்கும். சிறிய குதிரை என்றால் மூன்றும் வைக்கலாம். உங்கள் குதிரையின் பாய்ச்சலை வீட்டுத் திடலில் அளந்து வையுங்கள்.

கழி விழுந்தால் நான்கு தண்டப் புள்ளி, வேலி முன் நின்றுவிட்டால் நான்கு. சர்வதேச விதியில் இரண்டாம் முறை நின்றால் வெளியே. நீங்கள் விழுந்தாலும் வெளியே. உள்ளூர்ப் போட்டியில் விதி கொஞ்சம் தளர்ந்திருக்கலாம், அறிவித்தலைப் படியுங்கள். முதல் போட்டியில் நேரத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். வளைவில் அவசரப்படாமல் வேலியின் நடுவுக்கு நேராகக் கொண்டு வந்தால் மீதியைக் குதிரை பார்த்துக்கொள்ளும். மணி அடித்த பிறகு ஒரு முறை மூச்சை முழுதாக விடுங்கள். நீங்கள் மூச்சை அடக்கினால் உங்கள் இடுப்பு இறுகும், அதைக் குதிரை உடனே உணரும்.

விழுந்தேன். எலும்பு முறியவில்லை. ஆனால் மூன்று மாதமாக லாயப் பக்கம் போகப் பயம்.
– வாசகர், நாவலப்பிட்டி

முதலில் அந்த ஹெல்மட்டைத் தூக்கி எறியுங்கள். ஒரு முறை அடி வாங்கியது அடுத்த முறை காக்காது. பிறகு லாயத்துக்குப் போங்கள், ஏறுவதற்காக அல்ல. தேய்த்துக் குளிப்பாட்டுங்கள், கயிற்றைப் பிடித்துப் புல் மேய விடுங்கள், திரும்பி வாருங்கள். சில கிழமை அப்படியே போகட்டும். பயம் உங்களுக்கு நியாயமாகவே வந்திருக்கிறது: ஐந்நூறு கிலோ உயிரின் மேலிருந்து விழுந்திருக்கிறீர்கள். யாராவது உடனே ஏறு, ஏறாவிட்டால் எப்போதும் ஏறமாட்டாய் என்று சொன்னால் கேட்காதீர்கள். வயதான, அமைதியான குதிரையைக் கேளுங்கள். அதில் நடை மட்டும் போங்கள். நடையிலேயே கற்க ஒரு வருடத்துக்கு விஷயம் இருக்கிறது.

நெடுந்தீவுக் குதிரை ஒன்றைக் கொண்டுவந்து பழக்கினால் என்ன?
– வாசகர், வவுனியா

வேண்டாம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை என்று சொல்லப்படும் அவை காட்டுத்தனமாகவே பல தலைமுறை வாழ்ந்துவிட்டன. அந்தப் பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கோடையில் அங்கே குதிரைகள் தண்ணீரில்லாமல் சாகின்றன. பழக்குகிற ஆசையைத் தண்ணீர்த் தொட்டியின் பக்கம் திருப்புங்கள்.

இலங்கைக்காக யாராவது ஒலிம்பிக்கில் குதிரை ஏறியிருக்கிறார்களா?
– மாணவி, ஹட்டன்

மதில்டா கார்ல்சன். இலங்கையில் பிறந்து, சுவீடனில் தத்துப்பிள்ளையாக வளர்ந்தவர். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஷோ ஜம்பிங்கில் நம் கொடியோடு இறங்கினார். பக்கத்து நாட்டையும் கவனியுங்கள்: 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணி டிரஸாஜில் தங்கம் வாங்கியது. நால்வர் அணி, அதில் இருவர் பெண்கள்.

என் பாட்டனார் தோட்டத்தில் துரையின் குதிரைக்காரராக இருந்தாராம். வீட்டில் அதைச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். நான் இப்போது சவாரி பழகுகிறேன். பெருமைப்படலாமா?
– வாசகர், மடுல்கலை

தலை நிமிர்ந்து சொல்லுங்கள். கோப்பிக் காலத்திலிருந்து இந்த மலைகளில் குதிரையைக் காத்தவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள். துரை சேணத்தில் போவார். குதிரைக்காரர் பின்னாலேயே கால்நடையாக ஓடுவார். போய்ச் சேர்ந்ததும் துரை உள்ளே போய்விடுவார். வியர்வையைத் துடைத்து, வயிற்றுப்பட்டியைத் தளர்த்தி, குளம்பில் சிக்கிய கல்லைக் கிண்டி எடுத்து, தண்ணீர் காட்டுகிறவர் உங்கள் பாட்டனார். அவருக்கு அந்தக் குதிரையின் ஒவ்வொரு மூச்சும் தெரிந்திருக்கும். குதிரையேற்றம் பணக்காரர் விளையாட்டு என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: ஏறுகிற செலவு அவர்களுடையதாக இருந்திருக்கலாம், அறிவு நம்முடையது.

இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை என்பதுதான் எனக்குக் கோபம். போட்டியில் சவாரிக்காரர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள், குதிரை பெயரைச் சொல்கிறார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பிடரியைப் பின்னிவிட்டவர் பெயரை யாரும் சொல்வதில்லை. நடத்துகிறவர்களுக்கு நான் எழுதிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், நீங்களும் எழுதுங்கள். பரிசுப் படத்தில் அவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். அவர் சம்பளத்தையும் தலைக்கவசத்தையும் கேட்டுப் பாருங்கள். லாயத்தில் வேலை செய்பவருக்கு ஏற்புத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பாட்டனார் பெயர், தோட்டத்தின் பெயர், குதிரையின் பெயர் தெரிந்தால் அதுவும்: வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.

வரும் சனிக்கிழமை முதல் வகுப்பு. என்ன கொண்டுவர வேண்டும்?
– வாசகி, உடிஸ்பத்துவ

நீளக் காற்சட்டை. சிறிய குதியுள்ள மூடிய சப்பாத்து, அங்கவடிக்குள் பாதம் வழுக்கிப் போகாமல் இருக்க. தொங்கும் தோடும் சால்வையும் வீட்டில் இருக்கட்டும். ஹெல்மட் பெரும்பாலும் அங்கேயே தருவார்கள், தாடைப்பட்டி சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று பார்த்துவிடுங்கள். ஒரு போத்தல் தண்ணீர். வகுப்பு ஏழு மணிக்கு என்றால் ஆறரைக்கே வாருங்கள், குளம்பு துப்புரவாக்குவது அப்போதுதான் நடக்கும்; குதிரைக்காரர் அண்ணனிடம் கொக்கியைக் கேட்டு வாங்கி ஒரு காலையாவது நீங்கள் செய்யுங்கள்.